பெர்த் கட்டியாச்சு, மண்ண யாரு அள்ளுறது?

நமக்கு சர்வே வேலை. மொதல்ல ரோடு காண்ட்ராக்ட்ல இருந்தேன், அப்புறம் கடல் பக்கம் வந்துட்டேன். கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகம் உப்பனாத்து முகத்துவாரத்துக்கு உள்ள இருக்கு, ரொம்ப காலமா கப்பல் வெளியவே நங்கூரம் போட்டு நிக்கும், பார்ஜ் போய்தான் சரக்க எறக்கிட்டு வரும். மத்திய அரசோட சாகர்மாலா துறைமுகத் திட்டத்துல பெர்த், அதாவது கப்பல் வந்து அணையுற மேடை, வந்ததும் ஊர்ல "இனிமே கப்பல் நேரா உள்ள வந்துடும்"னு ஒரே பேச்சு.

வரணும்னா ஆழம் வேணுமே. எக்கோ சவுண்டர (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி ஆழம் பாக்குற மெஷின்) கட்டிட்டு போட் கோடு கோடா போகும், கரையில ஒருத்தர் அளவுகோல பாத்து தண்ணி மட்டத்த எழுதிட்டே இருப்பாரு, அதக் கழிச்சாதான் சரியான ஆழம் வரும். இங்க ஏத்தவத்தம் ஒரு மீட்டர் சுமாருக்குதான், ஆனா முகத்துவாரத்து மணல் திட்டு மேல அந்த அரை மீட்டருக்குதான் எல்லா சண்டையும். போட் ஓட்டுற அண்ணன் மெஷினையே பாக்க மாட்டாரு, அலை உடையுறத வச்சே திட்டு எங்கன்னு சொல்லிடுவாரு. "போன தடவ இங்க ஆழமா இருந்துச்சேண்ணே"ன்னா, "நீ பேப்பர்ல எழுதி முடிக்கறதுக்குள்ள அது நகந்துடும் தம்பி"ம்பாரு.

நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் மண்ணு தெக்கேர்ந்து வடக்க போவுது, வாடைக்கு கொஞ்ச நாள் திரும்பும், கணக்கு பாத்தா வடக்குக்குதான் ஜாஸ்தி. குறுக்க கல்லு போட்டா தெக்குப் பக்கம் மேடாகும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். பாண்டில 80கள்ல துறைமுகத்துக்கு கல்லு போட்டப்புறம் பீச்சு போனது இப்படித்தான். தடுத்த மண்ண எடுத்து வடக்க போடணும்னு திட்டத்துலயே இருந்துச்சு, அது ஒழுங்கா நடக்கல. கட்டுறதுன்னா கல்வெட்டு வைக்கலாம், மண்ணு அள்ளுறதுக்கு யாரு வைப்பா?

ரோட்டுலயும் அதே கததான். சிதம்பரம் ரோட்ட ஒசத்தி நாலு வழி ஆக்குறது நல்லதுதான், சிப்காட் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அவசியம். ஆனா மேக்கேர்ந்து கடலுக்கு வர்ற தண்ணிக்கு அது அணை மாதிரி நிக்குது. நான் வேலை பாத்த எடத்துல ஒரு பெரியவர் வந்து "வாய்க்கால் இங்க இருக்கு, பாலத்த அங்க வச்சிருக்கீங்களே, ஐப்பசியில தண்ணி எந்த வழியா போவும்?"னு கேட்டாரு. டிராயிங்ல எல்லாம் கரெக்டாதான் இருந்துச்சு, டிராயிங் போட்டவங்க வந்தது வெயில் காலத்துல. கூடுதலா ரோட்டுக்கு அடியில தண்ணி போக ஒரு பைப் கல்வெர்ட்டு கேட்டு எழுதினோம், பெர்மிஷன் வர்றதுக்குள்ள மழையே வந்துடுச்சு, கடைசில அந்த எடத்துல மண்ண வெட்டி விட்டுட்டுதான் தண்ணிய வடிய வச்சோம்.