ஒரு பலாக்கிளையும் ஆறு வாரங்களும்: சேர்வராயன் மலைத் தோட்டக் குறிப்புகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

காப்பிப் பழம் பறித்து முடிந்து பத்து நாட்களாகிவிட்டன. கவாத்து வேலையை, அதாவது கிளை கழிப்பதை, இனியும் தள்ளிப்போட முடியாது என்பதால், விடிவதற்கு முன்பே சேலத்திலிருந்து புறப்பட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஐப்பசிக் காற்றில் கவட்டையில் விரிசல் கண்ட பெரிய பலாக்கிளை இன்னும் விழாமல் நடைபாதைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஏழு அரபிகா வகைக் காப்பிச் செடிகள் நிற்கின்றன.

மரத்தையே வெட்டி விற்றுவிடலாம் என்று மைத்துனர் யோசனை சொன்னார். வீணை செய்வதற்குப் பலாவைத் தேடி வாங்குகிறார்கள், நல்ல விலை கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கென்று 1955-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்றும், முன் அனுமதி இல்லாமல் கோடரியை எடுக்கக் கூடாது என்றும் சொன்ன பிறகுதான் பேச்சை நிறுத்தினார். அனுமதியே கிடைத்தாலும் நான் வெட்டப்போவதில்லை. அந்த நிழல் போனால் அரபிகாவும் போய்விடும்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று முழுவதும் கருவிகளோடு கழிந்தது. கவாத்துக் கத்தரிகள் இரண்டையும் திருகு கழற்றி, காய்ந்த பாலையும் துருவையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சரிவாக இருக்கும் முகத்தை மட்டும் சாணைக்கல்லில் தீட்டினேன். மறுபுறம் தட்டையாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தீட்டினால் வாய்க்கும் அலகுக்கும் இடையில் சந்து விழுந்து, குச்சி வெட்டுப்படாமல் நசுங்கும். கைவாளின் பற்களை அரத்தால் தொட்டதோடு, பலாப்பால் ஒட்டாமல் இருக்கத் தேங்காயெண்ணெயும் தடவி வைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சேலத்தில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துவந்த இயந்திர வாளைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. கீழே கிடந்த கட்டையில் வைத்து ஓட்டியபோது சீவல் சீவலாக விழ வேண்டியது, சலித்த மாவைப் போலத் தூளாக விழுந்தது. பல் மழுங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அதைக்கூட அரத்தால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் சங்கிலித் தடை பிடிக்கவே இல்லை. அலகு நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால் வாள் எகிறி முகத்துக்கு நேராக வரும். அந்தக் கணத்தில் சங்கிலியை நிறுத்துவது இந்தத் தடை ஒன்றுதான். மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். மிளகு பறிக்கவும் சில்வர் ஓக் மரங்களில் நிழல் கழிக்கவும் நாற்பது ஆண்டுகளாக மரம் ஏறுகிறவர். ஏணியைச் சாத்துவதற்கு முன் மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்தார். நான் கொண்டுவந்திருந்த அலுமினிய ஏணியை ஓரமாகப் போடச் சொல்லிவிட்டு, காய்ந்த மூங்கில் ஏணியை எடுத்துவரச் சொன்னார்.

“தம்பி, இது தானா விழற கொம்பு இல்ல. நாமதான் எறக்கி வைக்கணும்” என்றார்.

கிளையின் பருமன் எட்டு அங்குலம். அப்படிப்பட்ட பச்சைக் கிளையின் பத்தடித் துண்டு, கன மீட்டருக்கு 800 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டாலும், 75 கிலோவுக்குக் குறையாது. இலையும் சிறுகிளைகளும் அதற்கு மேல். ஆகவே நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினோம். கயிற்றின் மறுமுனையைக் கையில் மட்டும் பிடித்திருந்தால் நம்மையும் சேர்த்துத் தூக்கிவிடும். பக்கத்து மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், உராய்வே பெரும்பாரத்தைத் தாங்கிக்கொள்ள, ஒருவர் நின்ற இடத்தில் நின்றபடி மெல்ல விட முடிகிறது.

கடைசித் துண்டுக்கு மூன்று வெட்டுகள் போட்டோம். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இரண்டங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது. கிளை முறியும்போது பட்டை உரிந்து தண்டோடு கிழிந்து இறங்காமல், அடிவெட்டு அதைத் தடுத்து நிறுத்துகிறது. எஞ்சிய முண்டை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளை தண்டைச் சேரும் இடத்தில், மடித்துவிட்ட சட்டைக் கையைப்போலப் பட்டை சற்றுத் தடித்துச் சுருங்கியிருக்கும். அந்த மடிப்புக்கு வெளியே, அதைத் தொடாமல் அறுக்க வேண்டும். காயத்தை மூடப்போகிற புதுத் திசு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெரியவரின் மகன் கைவாளாலேயே அறுத்தார்; கால் மணி நேரம் ஆயிற்று. வெட்டுவாயில் பால் முத்து முத்தாக அரும்பி, பிறகு சொட்டத் தொடங்கியது.

விரிசலின் உட்புறம் கறுத்து ஈரமாக இருந்தது. இன்னொரு மழையைத் தாங்கியிருக்காது.

பிப்ரவரி 23, ஞாயிறு

காப்பிக் கவாத்து. செடிகளை நாலரை அடி உயரத்தில் நிறுத்தி, நடுத்தண்டைச் சுற்றி அரை அடிக்குள் இருக்கும் சிறுகிளைகளை எடுத்து வெளிச்சம் உள்ளே விழும்படி செய்து, காய்க்காமல் நேராக மேலே கிளம்பும் நீர்ப்போத்துகளைக் கையாலேயே பிய்த்தோம். ஒரு நாளில் 90 செடிகளுக்கு மேல் முடியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய வெண்ணெய்ப்பழ மரத்தை இன்று நின்று பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, ஒரு கிளையைத் தண்டோடு தண்டாக வழித்து வெட்டியவன் நான்தான். மடிப்பையும் சேர்த்து எடுத்துவிட்டதால் காயம் இரண்டு பங்கு அகலமாயிற்று. பக்கவாட்டில் உதடுபோலப் புதுப்பட்டை வந்திருந்தாலும், மேலும் கீழும் மூடவே இல்லை. விரலை விட்டால் கணு வரை உள்ளே போகிறது; பழுப்புத் தூளும் எறும்புகளுமாக வெளியே கொட்டுகிறது. அன்று அதன் மேல் பூசிய தார் இன்னும் ஓரத்தில் பளபளத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் பலாவின் வெட்டுவாயில் எதையும் பூசவில்லை. கமலா ஆரஞ்சு மரங்களின் விஷயம் வேறு. அவற்றின் பட்ட குச்சிகளைப் பச்சை தெரியும் வரை வெட்டி, மரத்துக்கு மரம் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாய்களில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவினேன். 100 கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தபோது அலகில் செம்பு நிறம் படிந்தது. துத்தம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். இன்னும் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு சேர்த்ததும் கத்தி வெள்ளையாகவே வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பலாக்கிளையை எடுத்ததன் விலை இப்போதுதான் தெரிகிறது. பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அந்த ஏழு செடிகளின் மேல் வெயில் நேராக விழுகிறது. காப்பித் தண்டுத் துளைப்பான் வண்டு நிழலைவிட வெயில்படும் தண்டைத்தான் விரும்புகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபருக்குப் பிறகு இன்னொரு முறையும் வெளியே பறந்து, பட்டை இடுக்குகளில் முட்டையிடும். ஏழு தண்டுகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்ததில், ஒன்றில் பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோன்ற மேடு தட்டுப்பட்டது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கித் தண்டைப் பிளந்தேன்: பொடி அடைத்த வளைந்த வழிகள், அவற்றின் முடிவில் வெளுத்த புழு ஒன்று. இது வெயிலால் வந்ததன்று, சென்ற பருவத்திலேயே புகுந்தது. வண்டாகிப் பறப்பதற்குள் அகப்பட்டதே போதும் என்று அங்கேயே எரித்துவிட்டேன்.

மற்ற ஆறின் தண்டுகளையும் தேங்காய் நாரால் தேய்த்து, உதிரிப் பட்டையை நீக்கி, பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு கரைத்துப் பூசினேன்.

மார்ச் 14, வெள்ளி

மாலையில் மழை. முற்றத்தில் வைத்த நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் 31 மில்லிமீட்டர் நின்றது. காப்பி மொட்டுகளை மலரவைக்கும் பூ மழைக்கு இது போதும். கவாத்தில் இன்னும் நாற்பது செடிகள் பாக்கி. அவற்றை இந்த ஆண்டு தொடப்போவதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மழை பெய்து சரியாக ஒன்பதாம் நாள். தோட்டம் முழுவதும் வெள்ளை. வாசலில் இறங்கும்போதே மல்லிகையைப்போல மணம். சுண்ணாம்பு பூசிய ஆறு செடிகளில் ஐந்து பூத்திருக்கின்றன.

பலாவின் வெட்டுவாயில் பால் உறைந்து கறுத்துவிட்டது. விளிம்பைச் சுற்றிப் பட்டை வெடிப்போ அழுகலோ இல்லை. திறந்துபோன இடத்தில் நிழலுக்கு முள்முருங்கைப் போத்து (வெட்டிய கொம்பு) நடலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஆறடி நீளத்தில் நான்கு போதும், ஜூன் மழை பிடித்ததும் நட்டால் தழைத்துவிடும், அவருடைய வேலியிலிருந்தே வெட்டித் தருகிறாராம். அதற்குள் ஏப்ரல், மே வெயிலைத் தாங்க வேண்டும். இறக்கிய பலாக்கிளையின் தழைகளை அந்த ஆறு செடிகளின் தென்மேற்கே பந்தல்போலக் குச்சி நட்டுச் சாய்த்துக் கட்டிவிட்டு, நான்கு மணிக்குக் கீழே இறங்கினேன்.