கண்ணாடியில் நேராகத் தெரியும் எழுத்து

கே.கே. நகரில் ஸ்டுடியோ நடத்தும் அண்ணன் ஒருவர், பேசுபவர் முன்னால் சாய்த்து வைக்கும் கண்ணாடியில் கேமரா படத்தோடு நேரமும் தெரிய வேண்டும் என்று கேட்டார். படத்தை இடவலம் மாற்ற அவருடைய கேமராவிலேயே வழி இருக்கிறது. எழுத்து அதற்கு அப்புறம்தான் வீடியோவில் ஏறுகிறது, அதனால் கண்ணாடியில் எழுத்து மட்டும் புரண்டு தெரியும்.

வீடியோ படத்தின் மேல் எழுத்தை ஏற்றும் மேக்ஸ்7456 சிப் இதற்கு அருமையான பொருள். பால் (PAL) என்ற அனலாக் வீடியோ முறையில் படத்தின் ஒரு கிடைக்கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. அந்தத் தாளத்தைப் பிடித்து, உரிய இடத்தில் வெள்ளையையோ கறுப்பையோ செருகிவிடுகிறது. அதில் 256 எழுத்து உருவங்களை நாமே எழுதலாம், ஒவ்வொன்றும் 12-க்கு 18 புள்ளி உள்ள கட்டம். உருவங்களைத் திருப்பி எழுதி, எழுத்து வரியை வலப்பக்கத்திலிருந்து நிரப்பினால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு விஷயம். ஒரு புள்ளிக்கு 2 பிட்: 10 என்றால் வெள்ளை, 01 என்றால் பின்னால் இருக்கும் படம் தெரியும். ஒவ்வொரு பிட்டாகத் திருப்பினால் எழுத்து மறைந்து, சுற்றியுள்ள இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஜோடி கலையாமல் திருப்ப வேண்டும்.

பேசுபவருக்குக் காட்டும் குறிப்புகளை ஆங்கிலத்தில் போட்டால் போதும் என்கிறார் அண்ணன். எனக்கு மனசில்லை. ‘ணை’ ஒரு கட்டத்தில் அடங்காதுதான், இரண்டு கட்டம் கொடுத்துவிடலாம். இப்படித் தமிழ் உருவங்களை ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பார்க்க ஆசை.