ஃபர்னஸ் தெர்மோகப்பிளுக்கு ஹெட் டிரான்ஸ்மிட்டர்: மாற்றும்போது கவனித்தவை

ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸில் கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்த, சூட்டுக்கேற்ப சிறு வோல்டேஜ் தரும் சென்சார்). அங்கிருந்து பிஎல்சி (ஃபர்னஸை இயக்கும் கன்ட்ரோலர்) பேனல் வரை நீளமான காம்பன்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிளைப் போலவே வோல்டேஜ் தரும் கம்பி). கே டைப் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். பக்கத்து டிரேயில் மோட்டார் கேபிள் போனால் ரீடிங் ஆடத்தான் செய்யும். அதற்காகத்தான் ஹெட்டிலேயே (தெர்மோகப்பிளின் வெளிமுனையில் கம்பிகள் இணையும் பெட்டி) அந்த வோல்டேஜை கரன்ட் சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்மிட்டர் வைத்து 4–20 மில்லிஆம்பியருக்கு மாறினோம். ரேஞ்ச் 0–1200 டிகிரி செல்சியஸ். 600 டிகிரிக்கு 12 மில்லிஆம்ப்.

பழைய வயரிங்கைப் பிரித்தபோது, காம்பன்சேட்டிங் கேபிள் இரண்டு முனையிலும் பிளஸ்–மைனஸ் மாறிக் கிடந்தது. இது கண்ணில் படாத கோளாறு. சூடு ஏறினால் ரீடிங்கும் ஏறும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஹெட் 60 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால், அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு, ஏறக்குறைய 60 டிகிரி குறைத்துக் காட்டும். காம்பன்சேட்டிங் கேபிளுக்குப் பதில் வெறும் செம்புக் கம்பி போட்டிருந்தால் 30 டிகிரி குறையும்.

கேபிள் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐஇசி (சர்வதேசத் தரம்) முறையில் கே டைப்புக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸில் மாட்டுகிறவர்கள் நிறைய. தெர்மோகப்பிள் கம்பியிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டுவது மைனஸ்.

டிரான்ஸ்மிட்டரின் எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் 85 டிகிரி வரைதான் தாங்கும். ஃபர்னஸ் சுவரை ஒட்டிய ஹெட் அதைத் தாண்டிவிடும். ஹெட்டின் உள்சூட்டை முதலில் அளந்துவிட்டு, தேவையானால் நீள நெக் (ஹெட்டைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் குழாய்) போடுங்கள், அல்லது தள்ளி ஒரு பெட்டியில் வையுங்கள். ஆனால் அந்தப் பெட்டி வரை கே டைப் கேபிளேதான் போக வேண்டும்.

லூப் வோல்டேஜ் கணக்கு எளிது. 24 வோல்ட் சப்ளை, 250 ஓம் ரெசிஸ்டர், 22 மில்லிஆம்ப் என்றால் 5.5 வோல்ட் போய்விடும். மிச்சம் டிரான்ஸ்மிட்டரின் குறைந்தபட்சத் தேவைக்கு மேல் இருந்தால் போதும். கேபிளின் ஷீல்டை (உள்கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தோம். தெர்மோகப்பிளின் ஜங்ஷன் (இரு கம்பிகளும் சேரும் நுனி) அதன் உலோக உறையோடு ஒட்டிய வகையாக இருந்தால், ஐசொலேஷன் (உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பின்றிப் பிரிந்திருப்பது) உள்ள டிரான்ஸ்மிட்டர்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எர்த் லூப் உருவாகி ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரிபார்க்கும்போது பலரும் தடுக்கி விழுவது கோல்டு ஜங்ஷனில்தான் (தெர்மோகப்பிள் கம்பி முடிந்து டெர்மினலில் சேரும் இடம்). அந்த இடம் 0 டிகிரி என்று வைத்து, 600 டிகிரிக்கு அட்டவணை மதிப்பு 24.905 மில்லிவோல்ட். செம்புக் கம்பியால் அதை அப்படியே கொடுத்தால் 12 மில்லிஆம்புக்கு மேல் காட்டும், ஏனென்றால் டிரான்ஸ்மிட்டர் தன் டெர்மினல் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். டெர்மினல் 30 டிகிரி என்றால் அதற்கான அட்டவணை மதிப்பு 1.203 கழித்து 23.702 மில்லிவோல்ட் கொடுக்க வேண்டும். கேலிபிரேட்டரை (சோதனைக்கு மில்லிவோல்ட் தரும் கருவி) கே டைப் கம்பியிலேயே இணைத்து, அதன் சொந்தக் கோல்டு ஜங்ஷனை ஆன் செய்தால் கழிக்கும் வேலையே இல்லை.

பர்ன்அவுட் செட்டிங்கை யாரும் தொடாமல் விடக் கூடாது. தெர்மோகப்பிள் அறுந்தால் கரன்ட் 21 மில்லிஆம்புக்கு மேலே போகும்படி வையுங்கள். கீழே போகும்படி இருந்து, பிஎல்சியும் அதைக் கோளாறு என்று பிரித்தறியாவிட்டால், ஃபர்னஸ் ஆறிவிட்டதாக எண்ணி பர்னரை முழுதாகத் திறந்துவிடும். ஒரு கம்பியைக் கழற்றி, பர்னர் நிற்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் தெர்மோகப்பிள் தேய்மானத்தை இந்தச் சோதனை காட்டாது. ஆக்சிஜன் குறைந்த சூழலில் கே டைப்பின் பிளஸ் கம்பியிலுள்ள குரோமியம் அரிக்கப்பட்டு ரீடிங் மெல்லக் குறையும். டிரான்ஸ்மிட்டரோ சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க, வேலை சூட்டில் பக்கத்திலேயே ஒரு புதிய தெர்மோகப்பிளை இறக்கி ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.