யாரைப் பார்த்துப் பேசுகிறது?

மார்ச் 3, 2025, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக் கடிதங்களைத் திருத்தி முடித்தேன். தோழிக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே குரல், விளிப்பு மட்டும் வேறு. தோழிக்குப் போய் 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று எழுதியிருக்கிறாள் ஒருத்தி. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. யாருக்கு எழுதினாலும் கடைசியில் படித்து மதிப்பெண் போடுவது நான்தானே.

சாயங்காலம் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு இதழ்கள் வாங்கினேன். அவள் விகடன், பசுமை விகடன், சக்தி விகடன், கொஞ்சம் கோகுலம்.

மார்ச் 4, செவ்வாய்

அட்டையைக் கிழித்துவிட்டு நாலு பேருக்கு ஓர் இதழ் கொடுத்தேன். கதை, கட்டுரை எதையும் படிக்கக் கூடாது. விளம்பரங்களை மட்டும் பார்த்து, இந்த இதழை வாங்குபவர் யார் என்று சொல்ல வேண்டும்.

முதல் பதில் 'எல்லாரும்தான் டீச்சர்.' அப்புறம் மெல்லப் பிடிபட்டது. யாத்திரை, மூட்டுவலித் தைலம் என்றால் தாத்தா பாட்டி.

ஒரு குழுவுக்குச் சொட்டுநீர் விளம்பரம் வந்தது. குழாயைவிட, வேட்டியை மடித்துக் கட்டிச் சிரிக்கும் விவசாயியின் படம்தான் பெரிது. 'சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம்' என்பது கொட்டை எழுத்தில். அதற்கு வேண்டிய சிட்டா, அடங்கல், சான்று எல்லாம் அடியில் பொடி எழுத்தில்.

"எங்கப்பா மாதிரி ஆளுக்குத்தான் டீச்சர். ஆனா அப்பாவுக்கு இந்த எழுத்து தெரியாது. அண்ணன்தான் படிச்சுச் சொல்லணும்" என்றாள் பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி.

படிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பில் இது இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இதே நினைப்புதான்.

மார்ச் 6, வியாழன்

இன்று சிவப்பழகு கிரீம். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனதைச் சொன்னேன். பழைய இதழைக் கையில் வைத்திருந்தவள் கேட்டாள்: "இது என்கிட்ட பேசுதா, என்னைத் திட்டுதா டீச்சர்?" அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். மணி அடித்த பிறகும் அழிக்க மனம் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

பள்ளியில் சேர்க்கை வேலை தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்புக்கான நோட்டீஸை எழுதும் பொறுப்பை இவர்களிடமே கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்று, அதன் அம்மாவுக்கு ஒன்று.

பிள்ளைக்கானது சட்டென வந்துவிட்டது: 'இங்கே லேபுக்குள் போகலாம்.' அம்மாவுக்கானதில்தான் திண்டாட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டம் என்று அரசாணை போல ஒரு பக்கம். சொட்டுநீர் விளம்பரம் பார்த்தவள் அதை வாங்கி அடித்து எழுதினாள்: 'இங்கே ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்து உங்கள் பெண் காலேஜ் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும்.'

"சத்தமா வாசிச்சா புரியணும் டீச்சர்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 12, புதன்

நேற்று ராத்திரி அந்தப் பெண் பக்கத்து வீட்டு அத்தைக்கு நோட்டீஸை வாசித்துக் காட்டியிருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அத்தை கேட்டது: "சாயங்காலம் திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு?"

நோட்டீஸில் அது இல்லை. இன்று முதல் வரியே பஸ் நேரம்தான்.