முதலில் எடுத்திருக்க வேண்டிய டெஸ்ட்

“ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டவர்கள் எல்லாருமே என் வயிற்றைப் பார்த்துத்தான் கேட்டார்கள். என் கணவரைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், நானும் அப்படியேதான் நினைத்தேன். ஒரு வருஷம் முயன்றும் கரு நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், 35 வயதைத் தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பார்கள். எனக்கு 33. ஒரு வருஷம் முடிந்ததும் தனியாகப் போய், தனியாகவே எட்டு மாதம் அலைந்தேன்.

மாதவிலக்கான இரண்டாம் நாள் ரத்தம் எடுத்து ஹார்மோன் டெஸ்ட், தைராய்டு, முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டுகிற ஏ.எம்.ஹெச். முட்டை வளர்கிறதா என்று பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஹெச்.எஸ்.ஜி. இருக்கிறதே, கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தும்போது அடிவயிற்றைப் பிடித்துப் பிழிகிற மாதிரி வலி. சில நிமிடம்தான். படுத்தபடியே திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நூல் மாதிரி ஒரு கோடு ஓடி, நுனியில் புகையாகக் கலைந்தது. “ரெண்டு குழாயும் நல்லாயிருக்கு” என்றார்கள். சந்தோஷப்படுவதா, அப்படியானால் என்னதான் கோளாறு என்று அழுவதா, தெரியவில்லை.

டாக்டரை மாற்றினேன். புது டாக்டர் என் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கேம்மா?” என்றார். அப்படி ஒன்றே கிடையாது. இப்படி வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்குமாம். ஊசியோ வலியோ இல்லாத விந்து டெஸ்ட். அதை எட்டு மாதம் யாரும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. “எனக்கென்ன குறை?” என்றார். கோபம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் பயம். 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இடைவெளி விட்டு, விந்தை வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மில்லிலிட்டருக்கு 7 மில்லியன் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்பு 16.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது, நடுவில் காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை குறையும் என்றார் டாக்டர். புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். சிகரெட்டையும் அன்றே விடச் சொன்னார்.

அந்த மூன்று மாதம்தான் கஷ்டம். அவர் பேசவே இல்லை. கடைசியில் ஒருநாள் தன் அண்ணனிடம் சொன்னார். அவரோ சாதாரணமாக, “எனக்கும் இருந்துச்சுடா, உங்க அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்” என்றாராம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்!

எனக்குக் கைகொடுத்தது கவுன்சிலர். நாள் வந்துவிட்டால் ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன் என்று அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அடுத்த முறை இவரையும் அழைத்துக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் யாராவது விசேஷம் கேட்டால், “டாக்டர்கிட்ட போயிட்டிருக்கோம்” என்று அவரே முந்திக்கொள்கிறார். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது ரிப்போர்ட்டில் 11. இன்னும் குறைவுதான். விந்தணுவைச் சுத்தம் செய்து நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. அடுத்த மாதம் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். இரண்டாம் நாள் ஸ்கேனுக்கு அவரும் லீவு சொல்லி வைத்திருக்கிறார்.