காந்தம் பீரோவுல இருந்தா பிரயோஜனமில்ல

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில சிறப்புக் கல்வி வகுப்புல மாணவர் உதவியாளரா வேலை பாக்குறேன். எங்க வகுப்புல ஒரு பையன், ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளைங்களுக்கு நெஞ்சுல விஎன்எஸ் மெஷின், அதாவது வேகஸ் நரம்புக்குக் கரண்ட் கொடுக்குற மெஷின் வச்சிருக்கு. மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தும் வலிப்பு அடங்காதவங்களுக்கு வைக்கிறது இது. இடது பக்கம் காலர் எலும்புக்குக் கீழ தோலுக்கடியில பேட்டரி, அங்கேருந்து ஒரு ஒயர் கழுத்துல இருக்குற வேகஸ் நரம்புல சுத்தியிருக்கும், வழக்கமா 30 செகண்ட் கரண்ட் கொடுத்துட்டு 5 நிமிஷம் சும்மா இருக்கும், ராத்திரி பகலா இப்படியே ஓடும். அமெரிக்காவுல 1997லேயே அனுமதி கொடுத்தாச்சு, அப்ப 12 வயசுக்கு மேலதான், 2017லதான் 4 வயசுக்கு இறக்குனாங்க. வச்சவுடனே வலிப்பு நின்னுடும்னு நினைக்கிற பெத்தவங்க நிறைய பேரு, ஆனா பலன் தெரிய மாசக்கணக்கா ஆகும், மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

மெஷினோட ஒரு காந்தம் கொடுப்பாங்க, கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கலாம். வலிப்பு ஆரம்பிக்கும்போது அத மெஷினுக்கு மேல ஒரு செகண்ட் காட்டி எடுத்துட்டா உடனே கூடுதலா ஒரு தடவ கரண்ட் போகும். சில சமயம் வலிப்பு அதோட அடங்கும், இல்லன்னா சீக்கிரம் முடியும், சில சமயம் ஒன்னும் ஆகாது. எடுக்காம அங்கேயே வச்சிருந்தா வச்சிருக்குற வரைக்கும் மெஷின் நின்னு போயிடும், இதத்தான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது.

ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு வலிப்புன்னா கையில இரும்பு கொடுக்கணும். ஓய்வு நேரத்துல பையன் கேண்டீன் வாசல்ல விழுந்தப்ப சமைக்கிற அக்கா சாவிக்கொத்த எடுத்துட்டு ஓடி வந்தாங்க, இரும்பக் கொடுங்க டீச்சர்னு ஒரே சத்தம். அவங்க பாசத்துல செய்றாங்க, அதுக்குக் கோவிச்சுக்க எனக்கு மனசு வரல. ஆனா காந்தத்தையும் அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க, உள்ளங்கையில திணிச்சு அமுக்கிப் பிடிச்சா சரியாயிடும்னு. அதனால அவங்களையே கூப்பிட்டு எந்த இடத்துல காட்டணும், எப்ப எடுக்கணும்னு செஞ்சு பாக்க வச்சேன், இப்ப நான் இல்லாத நேரத்துல அவங்கதான் எனக்குத் தெம்பு.

ஆரம்பத்துல காந்தத்த ஆபீஸ் பீரோவுல பூட்டி வச்சிருந்தாங்க, விலை உயர்ந்த பொருள் தொலைஞ்சிடக் கூடாதுன்னு. பிள்ளை திடல்ல விழுந்தா பூட்டத் திறந்து கொண்டு வர்றதுக்குள்ள வலிப்பு முடிஞ்சே போயிருக்கும். காந்தம் பிள்ளை கூடவே இருக்கணும், திடலுக்கும் கழிவறைக்கும் வேனுக்கும் போகணும். போன், பேங்க் கார்டு பக்கத்துல மட்டும் வைக்காதீங்க.

காந்தம் காட்டியாச்சுன்னு வேடிக்கை பாக்கவும் முடியாது. மணியப் பாக்கணும், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது, கை கால அமுக்கக் கூடாது. எப்ப மருந்து கொடுக்கணும், திரும்பக் காந்தம் காட்டலாமான்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பாரு, அதுபடிதான். 5 நிமிஷம் தாண்டினா 999க்கு அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடணும். அப்புறம் பேன்ட் நனைஞ்சிருக்கும், மத்த பிள்ளைங்க பாக்குறதுக்கு முன்னாடி மறைச்சு மாத்திவிடணும், எழுந்ததும் அவன் மொதல்ல கேக்குறது யாரு பாத்தாங்கன்னுதான். எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கும்.

இன்னொன்னு குரல். கரண்ட் ஓடுற அந்த 30 செகண்ட் சில பிள்ளைங்களுக்குக் குரல் கம்மிப் போகும், இருமல் வரும். எங்க வகுப்புப் பொண்ணு தமிழ்ப் பாடம் வாசிக்கிறப்ப நடுவுல குரல் அடங்கிடும், வந்த புதுசுல ஒரு வாத்தியாரு சத்தமா வாசிம்மா சத்தமா வாசின்னு விரட்டிக்கிட்டே இருந்தாரு, அவ வாயவே திறக்கிறத விட்டுட்டா. விஷயம் தெரிஞ்சப்புறம் அவரே நிறுத்தி, மெதுவா வாசிம்மா நான் காத்திருக்கேன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. இப்ப கை தூக்கி நான் வாசிக்கிறேன்னு கேக்குறா.

பையன் அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளிக்குப் போறான். அங்க வகுப்புக்கு வகுப்பு ஆள் மாறுவாங்க, எல்லாருக்கும் யாரு சொல்லித் தருவாங்கன்னு அவங்கம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்த கையோட வந்து கேட்டாங்க. பள்ளி திறக்குறதுக்கு முன்னாடியே டாக்டர் கடிதத்த எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா போய் அங்க இருக்குற டீச்சர்ங்கள, ஜாகா (காவலாளி) அண்ணன, கேண்டீன்காரங்கள எல்லாரையும் பாத்துட்டு வர்றதா பேசி வச்சிருக்கோம்.