ஏரி வற்றியது மழையால் அல்ல

உயர்தர வகுப்புப் புவியியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே வசனம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘மழை குறைந்ததால் ஆரல் கடல் வற்றியது.’ இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படி எழுதுவதில் வியப்பில்லை. மழை பொய்த்தால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இறங்கும்; மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்; மழை பிடித்ததும் மறையும். அவர்கள் கண்ட ஏரி அது.

ஆரல் கடலும் பெயரில்தான் கடல்; உண்மையில் ஏரி. ஆனால் அதன் கணக்கே வேறு. மத்திய ஆசியாவில், துரான் தாழ்நிலத்தின் வறண்ட வெளியில் அதற்கு மழை என்றுமே பெரிய ஆதாரமாக இருந்ததில்லை. பாமிர் மலைகளிலிருந்து அமு தார்யாவும், தியன்சானிலிருந்து சிர் தார்யாவும் பனி உருகிய நீரைக் கொண்டுவந்தன. வெளியேற வழியில்லாததால் வந்த நீர் ஆவியாகித்தான் போகவேண்டும். வரவும் ஆவியாதலும் ஈடாக நின்றவரை ஏரியும் நின்றது. 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையைவிடப் பெரியது என்று சொன்னதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

சோவியத் ஆட்சி பருத்திக்காக இரு ஆறுகளையும் கால்வாய்களுக்குத் திருப்பியது. மண் கால்வாய்களில் ஓடிய நீரில் பெரும்பங்கு மணலுக்குள் இறங்கியது. 1987இல் ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாவதில்லை. உவர் ஏற ஏற மீன்கள் அழிந்தன, தென்கரையிலிருந்த முய்நாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலில் தரைதட்டின. ஒரே பயிருக்காக ஒரு நிலப்பரப்பையே மாற்றியமைப்பது என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே தேயிலை.

பருத்திக்கு அடித்த பூச்சிமருந்து வாய்க்கால்களின் வழியாக ஏரிப்படுகையில் சேர்ந்ததையும், படுகை காய்ந்தபின் காற்று அந்தத் தூசியை ஊர்களுக்குள் கொண்டுபோனதையும் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். “சேர், அப்பா மருந்தடித்துவிட்டு வந்தால் அவருடைய உடுப்பை அம்மா தனியாகத்தான் துவைப்பார். அங்கே காற்றையே அல்லவா துவைக்கவேண்டும்?” என்றாள். எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவான வரியை நான் படித்ததில்லை.

2005இல் கசகஸ்தான் வடக்கு ஆரலுக்கும் தெற்கு ஆரலுக்கும் இடையே கொக்கரல் அணையைக் கட்டி முடித்தது. வடக்கு ஆரலின் மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைவாக உயர்ந்தது, உவர் குறைந்தது, மீன்களும் திரும்பின. இந்த நல்ல செய்தியோடு பாடத்தை முடிப்பதுதான் என் வழக்கமாக இருந்தது. “அணைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு, சேர்?” என்று ஒரு மாணவன் கேட்ட பிறகு அப்படி முடிக்க மனம் வரவில்லை. சிர் தார்யாவின் நீரை அணை வடக்கிலேயே நிறுத்திவைக்கிறது. அமு தார்யாவோ வயல்களிலேயே தீர்ந்துபோகிறது. 2014இல் தெற்கு ஆரலின் கிழக்குப் பகுதி முற்றாகக் காய்ந்து கிடந்தது.

இப்போது தேசப்படத்தில் என் சுட்டுகோல் முதலில் தொடுவது பாமிரை. மலையிலிருந்து ஆற்றோடு இறங்கி, ஒவ்வொரு கால்வாயிலும் எவ்வளவு நீர் பிரிகிறது என்று கேட்டுக்கொண்டே ஏரிக்கு வருகிறோம். ‘மழை குறைந்ததால்’ என்ற விடை இப்போது அரிதாகத்தான் வருகிறது.